பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில், "இந்தப் பிள்ளை இன்னும் ஒரு மாதம் முன்னால் யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா" என்று நான் மனதுக்குள் நினைக்காத வாரமே இல்லை என்று. அதைப் படித்துவிட்டு மலேசியாவில், பேரா மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து கடிதம் மேல் கடிதம். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர்கள், அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நம் ஆட்கள். ஒருசிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஊர், பெயர் அடையாளங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் புதுக்கோட்டைப் பக்கம். இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் காண்ட்ராக்டரிடம் வேலை. வந்து 20 மாதம் ஆகிறது. ஏர்போர்ட்டில் வைத்தே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். 2 மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டால், "பெர்மிட்டை கேன்சல் பண்ணிவிட்டு, ஓடிப்போய்விட்டான் என்று ரிப்போர்ட் கொடுத்துவிடுவேன்" என்கிறார். பெர்மிட் முடிய இன்னும் 4 மாதம் இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொண்டு, முடிந்ததும் ஊருக்குப் போய்விடலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: பொறுக்காதீர்கள் தம்பி. அந்த 4 மாதம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பலம். உங்கள் வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அது உயிரோடு இருக்கும்வரை நீங்கள் சம்பள பாக்கி கேட்கும் தொழிலாளி. அது செத்த மறுநாள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி பெர்மிட்டைப் பற்றித்தான் வரும். சம்பளப் பேச்சு அதற்குப் பிறகுதான். உங்கள் முதலாளிக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் "இந்த மாதம், அடுத்த மாதம்" என்று இழுக்கிறார்.

பாஸ்போர்ட் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, சட்டப்படி அதிகாரம் இல்லாமல் இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். "பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான் வாங்கி வைத்தேன்" என்பார்கள். பத்திரமாக வைக்க ஒரு பூட்டுள்ள பெட்டியும் சாவியும் உங்களிடம் கொடுத்தால் போதும். அது இந்திய அரசாங்கம் உங்களுக்குக் கொடுத்தது, காண்ட்ராக்டருக்குக் கொடுத்ததில்லை.

சம்பளத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். குறைந்தபட்ச சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. தோட்டத்துக்கும் அதுதான், வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அதுதான். பாக்கிக்கு நீங்கள் போகவேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. நமக்குக் கிட்டத்தில் ஈப்போ. அங்கே புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து, கொடுக்கவேண்டிய தொகைக்கு உத்தரவு போடுவார்.

"என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லையே" என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஒரு கதை சொல்லவேண்டும்.

ஓய்வு பெற்றபின் சில தொழிலாளிகளுக்குத் துணையாக இலாகாவுக்குப் போய்வருகிறேன். ஒருமுறை ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் கூட வந்தான். பத்து வார்த்தை பேசமாட்டான். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான், உள்ளே 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்னப் புத்தகம்தான். செம்பனை எண்ணெய்க் கறை படிந்து முனைகள் மடங்கியிருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. "செவ்வாய், 74 குலை." "புதன், மழை, 11 மணிக்கு நிறுத்தம்." "வெள்ளி, மேண்டோர் வரலை, 60 குலை." மேண்டோர் என்றால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி. எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி தரப்பு ஆள், இது நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினது, இவன் பாதி நாள் வேலைக்கே வரவில்லை என்றார். அதிகாரி ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தோட்ட ஆபீசிலிருந்து மழைக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். தோட்டங்களில் தினமும் மழையை அளந்து எழுதி வைப்பார்கள், வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். அடுத்த தவணையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பையன் "மழை" என்று எழுதிய எல்லா நாளும் ஆபீஸ் கணக்கிலும் மழை. அதன்பிறகு யாரும் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாக்கி வந்தது.

அதனால் இன்றைக்கே ஒரு 555 வாங்குங்கள். நினைவிலிருக்கும் வரை பின்னோக்கி எழுதுங்கள், ஆனால் நினைவிலிருந்து எழுதியது என்று அதிலேயே குறித்துவிடுங்கள். பெர்மிட்டை, வேலை ஒப்பந்தத்தை, சம்பளச் சீட்டு இருந்தால் அதையும் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பி வைத்துவிடுங்கள். போன் தொலைந்தாலும் பறிபோனாலும் அங்கே இருக்கும். காண்ட்ராக்டர் லோரியின் நம்பரும், அவர் கம்பெனியின் முழுப்பெயரும் வேண்டும். "முதலாளி" என்ற பெயரில் யாருக்கும் சம்மன் அனுப்ப முடியாது. சம்பளப் பதிவேடு வைத்திருக்கவேண்டியது முதலாளியின் கடமை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதை 6 வருடத்துக்குக் குறையாமல் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

ஓடிப்போனான் ரிப்போர்ட் கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டலுக்கு மருந்து, அவருக்கு முன்னால் நீங்கள் போவது. இலாகாவில் புகார் கொடுத்த தேதி, போலீசில் பாஸ்போர்ட் பற்றிக் கொடுத்த ரிப்போர்ட்டின் நகல், இரண்டும் உங்கள் கையில் இருந்தால், இந்தத் தேதியில் நான் ஓடவில்லை, புகார் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று காட்டலாம். தனியாகப் போகாதீர்கள். கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் எழுதிப் போடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழக்கு நடக்கும்போது முதலாளி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், வழக்கு முடியும்வரை நாட்டில் தங்க இமிகிரேஷனில் "பாஸ் காஸ்" கேட்கலாம். மாதம் 100 வெள்ளி. ஆனால் அந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது. சம்பாதிக்கவும் கூடாது, மாதம் 100 வெள்ளி கட்டவும் வேண்டும். எத்தனையோ பேர் ஜெயிக்கக்கூடிய வழக்கை விட்டுவிட்டு விமானம் ஏறுவது இதனால்தான். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருப்பதால்தான் இன்றே போங்கள் என்கிறேன்.

கேள்வி: லெவி பணம் என்று மாதம் 150 வெள்ளி பிடிக்கிறார்கள். சரியா? – சாப்பாட்டுக் கடைத் தொழிலாளி

பதில்: தப்பு. 1.1.2018 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி வரியை முதலாளிதான் கட்டவேண்டும். பிடித்த பணத்தையும் சம்பள பாக்கியோடு சேர்த்தே இலாகாவில் கேளுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். 2019 ஜனவரியிலிருந்து உங்களுக்கும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு) உண்டு. கொதிக்கும் எண்ணெய் பட்டாலும், வேலையில் விழுந்து கை உடைந்தாலும் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று சொக்சோ அலுவலகத்திலேயே விசாரிக்கலாம்.

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) கடைசி வீட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தார்கள். ராத்திரி 2 மணிக்கு இமிகிரேஷன் ரெய்டு. ஒருவனிடம் பாஸ்போர்ட் இல்லை, முதலாளியிடம் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போய் இன்றைக்கு 6 நாள். இன்னும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை. 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்பார்களே? அவன் அம்மா தினமும் எனக்குப் போன் போட்டு அழுகிறார். – தோட்டத்து வாசகி

பதில்: தங்கச்சி, அந்தத் தாய்க்கு நீங்கள் போனை எடுத்துப் பேசுகிறீர்களே, அதற்கு முதலில் நன்றி.

24 மணி நேரம் என்பது நம் அரசியலமைப்பின் 5ஆவது விதியில் இருப்பது உண்மைதான். போலீஸ் ஒரு குற்றத்துக்காகப் பிடித்தால் வெளிநாட்டுக்காரருக்கும் அதே 24 மணி நேரம்தான். ஆனால் அதே விதியிலேயே, இமிகிரேஷன் சட்டத்தின் கீழ் பிடிபட்ட குடிமகன் அல்லாதவருக்கு 14 நாள் என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆகவே 6 நாள் என்பது சட்டத்துக்குள்தான் வருகிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். 14 நாளைத் தாண்டினால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும்.

எதற்காகப் பிடித்தார்கள் என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும். அவன் விரும்பும் வக்கீலிடம் பேச விடவேண்டும். இந்த இரண்டும் அதே 5ஆவது விதியில் "எந்த ஒரு நபருக்கும்" என்றுதான் எழுதியிருக்கிறது. குடிமகன் என்று எழுதவில்லை. தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போகவேண்டும் என்று கேட்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

பெர்மிட் செல்லும் என்றால் பாதிப் பிரச்சினை முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது. இன்றைக்கே அவரிடம் ஆள் அனுப்புங்கள். அசல் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் இமிகிரேஷன் அதிகாரியின் மேசைக்குப் போகவேண்டும். மறுத்தால், மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன 12ஆம் பிரிவை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். எந்த டிப்போவில், அதாவது தடுப்பு முகாமில், வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பேராவில் லங்காப்பில் ஒரு டிப்போ இருக்கிறது, ஆனால் அங்கேதான் இருப்பான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவன் முழுப்பெயர், பாஸ்போர்ட் நம்பர், பிடித்த தேதி, இடம் இவ்வளவும் இருந்தால்தான் தேடுகிறவர்களால் தேட முடியும். "முருகன், தமிழ்நாடு" என்றால் ஒரு பயனும் இல்லை.

வக்கீலுக்கு: வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஈப்போவில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலுள்ள ஒவ்வொரு வழக்கறிஞரும் இந்தத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் 100 வெள்ளி போடுகிறார். அந்தப் பணத்தில் நடப்பது. வசதியில்லாதவர்களுக்குத்தான், வருமானம் விசாரிப்பார்கள். தேசிய சட்ட உதவி அறவாரியம் என்று இன்னொன்றும் உண்டு, அது முக்கியமாக மலேசியக் குடிமக்களுக்கு. அங்கே போய் அலைய வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவில் தெனாகானித்தா என்ற தொழிலாளர் உதவி அமைப்பு இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த ஐரின் பெர்னாண்டஸ் 1991ல் தொடங்கியது. தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் பட்ட பாட்டை 1995ல் வெளியில் சொன்னதற்காக அவர்மீது வழக்குப் போட்டார்கள். 2008ல்தான் விடுதலையானார். நம் பெண்மணி ஒருவர் அத்தனை வருடம் கோர்ட் படி ஏறி இறங்கினார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

இமிகிரேஷன் வாசலில் நின்றுகொண்டு, "3,000 கொடு, நாளைக்கே வெளியே கொண்டுவருகிறேன்" என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வக்கீல் என்று சொன்னால் பெயரைக் கேட்டு மன்றத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ரசீது இல்லாமல் 10 வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கோர்ட்டுக்குப் போகிற நாள் வந்தால் அவனுக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. என் வேலைக் காலத்தில் நடந்தது. லோக்கப் சட்டை போட்ட ஒரு ஆள், 30 வயதுக்குள் இருக்கும், கூண்டில் நின்றார். குற்றச்சாட்டை வாசித்தார்கள். பெர்மிட் முடிந்தும் தங்கியிருந்தது. நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். புரிந்ததா? ஆமா. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆமா. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா? அதற்கும் ஆமா. பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்: "அக்கா, ஆமான்னு சொன்னா இன்னைக்கே ஊருக்கு அனுப்பிடுவாங்கதானே?"

மொழிபெயர்ப்பாளர் தானாக எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் கூண்டிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை அப்படியே மலாயில் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவருக்கு அதன் பொருளும் விளைவும் புரிந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது அவர் கடமை. வழக்கை ஒத்திவைத்து, சட்ட உதவி வக்கீலைப் பார்க்க ஏற்பாடு செய்தார். பெர்மிட்டைப் புதுப்பிப்பதாக முதலாளி பணம் வாங்கிக்கொண்டு புதுப்பிக்காமலே விட்ட கதை அப்போதுதான் வெளியே வந்தது. கடைசியில் அந்த ஆள் ஊருக்குத்தான் போனார், ஆனால் சிறைக்குப் போகாமல் போனார்.

அவர் குனிந்து கேட்காமல் இருந்திருந்தால்? இத்தனை வருடம் கழித்தும் அந்த நினைப்பு வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே அவனிடம் சொல்லுங்கள்: புரியவில்லை என்றால் "புரியவில்லை" என்று தமிழிலேயே சத்தமாகச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கட்டும். வக்கீலைப் பார்க்கும்வரை அவகாசம் கேட்கட்டும். மரியாதைக்காகத் தலையாட்டுவது நம் ஊர்ப் பழக்கம். கூண்டில் அது வேண்டாம்.

கேள்வி: என் மகனை மலேசியாவுக்கு அனுப்ப ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் விசா இல்லாமலே போகலாம், அங்கே போய் பெர்மிட் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மலேசியாவில் இருக்கும் என் அக்கா மகள் மூலம் இதை எழுதுகிறேன். – ஒரு தகப்பன், சிவகங்கை

பதில்: ஐயா, அனுப்பாதீர்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் இங்கே வந்து 30 நாள் சுற்றிப் பார்க்கலாம் என்பது உண்மை. சுற்றிப் பார்க்க மட்டும்தான். வேலையில் கால் வைத்த அன்றைக்கே உங்கள் மகன் சட்டத்தை மீறியவனாகிவிடுவான். 30 நாள் தாண்டினால் குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இமிகிரேஷன் சட்டத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் அப்போது போனை எடுக்கமாட்டார்.

இந்திய அரசிடம் பதிந்த ஏஜெண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிந்தவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பத்தாவது பாஸாகாதவர் என்றால் மலேசியாவுக்கு வேலைக்கு வர குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும், அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அந்த வழியாக வருகிறவருக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடும் உண்டு. குறுக்கு வழியில் வருகிறவருக்கு எதுவும் கிடையாது.

கேள்வி: என் மாமியார் 1954ல் இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இன்னும் சிவப்பு ஐசிதான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை). அவர் தம்பி 1959ல் பிறந்தவர், அவருக்கும் சிவப்புதான். இவர்கள் எல்லாம் வந்தேறிகளா அக்கா? – ஒரு மருமகள்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பாட்டியும் சிவப்பு ஐசியோடுதான் கண்ணை மூடினார். 1968ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றதும், எங்கள் லயத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறின. பாட்டி போகமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். தம்பிக்கும் அக்காவுக்கும் வேறு வேறு வழி. 31.8.1957 அன்றோ அதற்குப் பிறகோ, 1962 அக்டோபருக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர், அபூர்வமான சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்விகூடக் கிடையாது. 1959ல் இங்கே பிறந்ததைக் காட்டும் பிறப்புப் பத்திரம் இருந்தால், தம்பி தேசியப் பதிவிலாகாவில் கேட்கவேண்டியது சலுகையை இல்லை, ஏற்கெனவே தனக்கு இருக்கும் குடியுரிமையை.

மாமியார் சுதந்திரத்துக்கு முன்னால் பிறந்தவர் என்பதால் அரசியலமைப்பின் 16ஆவது விதி. மனுச் செய்யவேண்டும். கடந்த 7 வருடத்தில் மொத்தம் 5 வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், தொடர்ந்து இங்கேயே வாழ எண்ணம் இருக்கவேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பாசாரில் மீன்காரரிடம் பேரம் பேசுகிற மலாய் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் அதிகாரி முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேரப்பிள்ளைகளை விட்டு வீட்டில் தினமும் பத்து நிமிடம் மலாயில் பேசச் சொல்லுங்கள்.

பிறப்புப் பத்திரம்தான் எல்லாவற்றுக்கும் வேர். தொலைந்திருந்தால் பதிவிலாகாவில் பதிவின் நகல் கேளுங்கள். பெயர் "லெட்சுமி" என்றும் "லட்சிமி" என்றும் இரண்டு விதமாக இருந்தாலே மனு நின்றுவிடும், அதை முதலில் பாருங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, கூடப் பிறந்தவர்களின் பத்திரங்கள், கிடைப்பதை எல்லாம் ஒரு கோப்பில் போடுங்கள். டிரா மலேசியா என்ற அமைப்பு நம் மக்களின் ஆவணச் சிக்கல்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறது, அவர்களிடமும் கேளுங்கள். முன்பு மனுச் செய்து நிராகரித்த கடிதம் ஏதாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். தம்பியின் காகிதங்களை முதலில் தயார் செய்யுங்கள். அவருடையது சீக்கிரம் முடிய வாய்ப்பிருக்கிறது, அக்காவின் மனுவுக்கு அதே பெற்றோரின் பெயர்கள் அதில் துணையாக நிற்கும்.